ஊட்டி ரயிலுக்கு வெயிட்டிங் லிஸ்ட் 41: இனி என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டது இது: மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை விருதுநகரிலிருந்து சொந்தக் காரில் மேட்டுப்பாளையம் வருகிறீர்கள். நீங்கள், மனைவி, ஒன்பது வயதுப் பையன், நாலு வயதுப் பெண், அப்பா, முட்டிவலிக்கார அம்மா. திங்கள் இரவுக்குள் ஊர் திரும்ப வேண்டும். மலை ரயிலில் ஒரு தடவை போக வேண்டும் என்பது அப்பாவின் வெகுநாள் ஆசை. டிக்கெட் போடப் போனால் வெயிட்டிங் லிஸ்ட் 41 காட்டுகிறது. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. ஏதாவது வழி உண்டா?

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மே மாதத்துச் சனிக்கிழமையில் 41 இறங்கிவந்து கன்ஃபர்ம் ஆகாது. அதை நம்பி அப்பாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் அப்பாவை அந்த ரயிலில் உட்கார வைக்க முடியும். அதற்கு நீங்கள் பயணத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

எனக்கு வீடு வெலிங்டன் பக்கம். இருபது வருடத்துக்கு மேலாகக் குன்னூரிலேயே வாசம். சித்திரை பிறந்துவிட்டால் வருடம் முழுக்கப் பேசாத சொந்தக்காரர்கள் எல்லாம் போன் செய்வார்கள். நலம் விசாரித்து முடித்ததும் அடுத்த வார்த்தை, "அந்த ரயில் டிக்கெட்டுக்கு உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்பதுதான். யாரையும் தெரிந்து ஒன்றும் ஆகாது. ஆனால் இத்தனை பேருக்காக அலைந்ததில் இந்த ரயிலின் சூட்சுமம் ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

ஏன் இடமே இல்லை என்பது புரிந்தால் எங்கே இடம் இருக்கும் என்பதும் புரியும். மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். இந்தப் பாதைக்கான யோசனை 1854 இலேயே எழுந்துவிட்டது. மலை விடவில்லை. வேலை தொடங்கியது 1891 இல். குன்னூர் வரை வண்டி ஓடியது 1899 இல், ஊட்டி வரை 1908 இல். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை எட்டு கிலோமீட்டர் சாதாரணத் தரை. கல்லாறு தாண்டியதும் பாதை நிமிர்கிறது. பன்னிரண்டேகால் அடி முன்னால் போனால் ஓரடி மேலே ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில் வெறும் இரும்புச் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. சட்டமும் ஒற்றையாக இல்லை. இரண்டு சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில், பற்கள் ஒன்றுக்கொன்று மாறி இருக்கும்படி. ஒரு பல் விடும்போது இன்னொன்று பிடித்திருக்கும். ஆப்ட் என்ற சுவிஸ்காரர் கண்டுபிடித்த முறை. பழைய எஞ்சின்கள் பலவும் சுவிட்சர்லாந்திலிருந்துதான் வந்தன. இப்போது நம் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் கட்டியவையும் ஓடுகின்றன.

இப்படிக் கவ்விக்கொண்டு ஏறுகிற எஞ்சின் நாலு பெட்டிக்கு மேல் எப்படி இழுக்கும்? இழுப்பது என்றுகூடச் சொல்லக்கூடாது, தள்ளுகிறது. எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஒவ்வொரு பெட்டியின் முன் திண்ணையிலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார். வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் வாக்கில். ஆக, நாளுக்கு ஒரே வண்டி மேலே போகிறது, அதே வண்டி கீழே வருகிறது. கூட்டம் அதிகம் என்று பத்துப் பெட்டி சேர்க்க இது பாண்டியன் எக்ஸ்பிரஸ் இல்லை. 2005 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தபின் வருகிறவர் கூட்டம் கூடியது, இருக்கை கூடவில்லை. சீசனில் சில நாட்களுக்குச் சிறப்பு ரயில் விடுவார்கள். அறிவிப்பு வந்த உடனே பார்த்தால் அதில் இடம் இருக்கும். மறுநாள் பார்த்தால் இருக்காது. நீங்கள் வருகிற வாரத்துக்கு ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று தெற்கு ரயில்வேயின் செய்தியை இன்றே பாருங்கள்.

இப்போது உங்கள் விஷயம். "ஊட்டி ரயில்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டர், பல்சக்கரம், நீராவி எஞ்சின், காடு, பாறையைக் குடைந்த குகைகள், அடியில் பள்ளம் தெரிகிற பாலங்கள். எல்லோரும் போட்டோவில் பார்ப்பது இதைத்தான். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அங்கிருந்து ஊட்டி வரை தேயிலைத் தோட்டம், கேத்தி பள்ளத்தாக்கு, கற்பூர மரம் என்று நாங்கள் சொல்கிற யூகலிப்டஸ் கூட்டம் என்று இன்னொரு முகம். இந்த இரண்டாவது துண்டில் மேட்டுப்பாளையம் வண்டியைத் தவிர குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் மட்டும் ஓடுகிற வண்டிகளும் தினமும் சில உண்டு. இதில் இடம் கிடைப்பது அவ்வளவு சிரமம் இல்லை.

ஆகவே அப்பாவிடம் கேளுங்கள்: நீராவி எஞ்சின் வேண்டுமா, இல்லை மலை ரயிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதுமா? பாதிப் பேர் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். என் பெரிய மாமனார் பழைய ஆள், ரயில் பைத்தியம். அவருக்கு அந்தப் புகையும் பெருமூச்சும் இல்லாமல் முடியாது. உங்கள் அப்பாவும் அந்த ரகம் என்றே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

எல்லோரும் காலை ஏழு பத்துக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிற வண்டிக்கே முட்டிக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து ராத்திரி ஏறுகிறவர்களுக்கு அது வசதி. நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலை மேட்டுப்பாளையம் வந்து சேரும், இறங்கி எதிரிலேயே ஏறிக்கொள்ளலாம். ஊட்டியிலிருந்து மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும் வண்டியைப் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அதே பெட்டி, அதே பல்சக்கரம், அதே குகை. குன்னூரிலிருந்து கீழே நீராவி எஞ்சின்தான். மேட்டுப்பாளையத்துக்கு ஐந்தரை மணி வாக்கில் வந்து சேரும், ஏறுவதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேலே மிச்சம். ஏறும்போது எஞ்சின் திணறுகிற சத்தம் ஒரு தனி அனுபவம், இறங்கும்போது அது அந்த அளவுக்கு இருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சாயங்கால வெயில் சாய்ந்து விழுகிற நேரத்தில் ஹில்குரோ நிலையத்துக்குக் கீழே காடு இருக்கிற அழகு காலையில் வராது. இது என் கட்சி. என் வீட்டுக்காரருக்கு ஏற்றம்தான் உயர்த்தி, இதில் எங்களுக்குள் தீர்ப்பே இல்லை.

நீங்கள் திங்கட்கிழமை திரும்புகிறீர்கள் அல்லவா? திங்கள் மதியம் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பாருங்கள். வாரநாள், இறங்குகிற வண்டி, இரண்டும் உங்களுக்குச் சாதகம். தேடும்போது ஊட்டி என்று போட்டால் சில சமயம் வராது, உதகமண்டலம் என்று போடுங்கள். குறியீடு யூஏஎம். குன்னூருக்கு ஓஎன்ஆர், மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு இரண்டையும் பாருங்கள். இரண்டாம் வகுப்பு நிரம்பிப்போன நாளில் விலை கண்டு ஒதுங்கியதால் முதல் வகுப்பில் ஒன்றிரண்டு மிச்சம் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நாலு வயதுப் பெண்ணுக்கு டிக்கெட் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். காரை யாராவது கீழே கொண்டுவர வேண்டும், அது நீங்கள்தான். ஆக உங்களுக்கு வேண்டியது நாலு இடம். ஆறுக்குப் பதில் நாலு என்பதே பெரிய வித்தியாசம். உங்களுக்கும் ரயிலில் வர ஆசை என்றால் ஊட்டியில் ஆக்டிங் டிரைவர் கிடைப்பார்கள். ஒரு நாள் கூலி கொடுத்து வண்டியை மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொல்லலாம். தங்குகிற இடத்தில் விசாரித்து, தெரிந்த ஆளாகப் பார்த்துக் கொடுங்கள்.

இறங்குகிற வண்டியிலும் வெயிட்டிங் லிஸ்ட் என்றால் அந்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் இருக்கிற எழுத்தையும் பாருங்கள். வண்டி கிளம்புகிற ஊரிலிருந்து முடிகிற ஊர் வரை எடுத்தால் பொதுவாக ஜிஎன் என்ற வரிசையில் வரும். நடுவில் ஏறி நடுவில் இறங்கினால் பிக்யூ என்று வரலாம். பொதுவாக முதலாவது சீக்கிரம் நகரும், இரண்டாவது மெதுவாகத்தான் நகரும். அதனால் வெயிட்டிங்கில் போடுவதாக இருந்தால் முழு தூரத்துக்கும் போடுங்கள், குன்னூரில் இறங்கிக்கொண்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இருக்கை காலியாக இருக்கிறதா என்று தேடும்போது துண்டு துண்டாகவும் தேடுங்கள். மேட்டுப்பாளையம்–ஊட்டி இல்லை என்று காட்டுகிற நாளில் மேட்டுப்பாளையம்–குன்னூர் இரண்டு இடம் காட்டியதுண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

ரத்துகள் எப்போது வரும்? நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும் என்பதால், மனம் மாறியவர்கள் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே ரத்து செய்துவிடுவார்கள். அந்த நாட்களில் காலையிலும் ராத்திரியிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள். அடுத்த வாய்ப்பு சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியல், போட்டபின். காலை வண்டிக்கு முந்தின நாள் இரவே சார்ட் தயாராகிவிடும். அதன் பிறகும் காலியாக இருக்கிற இடங்களைக் கரண்ட் புக்கிங் என்று விற்பார்கள், ஆப்பிலும் கவுண்ட்டரிலும். சீசனில் இதில் இரண்டு மூன்று இடம் வந்தாலே பெரிசு, ஆறு பேருக்குக் கிடைக்காது. ஒருவருக்கோ இருவருக்கோ கிடைக்கும். முந்தின இரவு மேட்டுப்பாளையத்தில் தங்குகிறவர்களுக்கு மட்டுமே இந்த வழி பயன்படும். கோயம்புத்தூரில் லாட்ஜ் போட்டுவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அங்கேயே தோற்றீர்கள்.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்டபிறகும் முழுக்க வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகி, சின்னப் பிடித்தம் போகப் பணம் திரும்பி வந்துவிடும். அதைக் காட்டி ஏற முடியாது. கவுண்ட்டரில் எடுத்ததென்றால் நீங்களே போய்த் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க வேண்டும்.

இனி, எல்லோரும் சொல்கிற அந்த விடியற்காலை வரிசை. முன்பதிவில்லாத சில இடங்களுக்கு மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பார்கள். நான் கடைசியாக நின்றது தங்கை குடும்பத்துக்காக. நாலு மணிக்குப் போய்விட்டோம், நாம்தான் முதல் என்று நினைத்து. அங்கே போனால் செய்தித்தாளை விரித்து, பையைத் தலைக்கு வைத்து ஒரு கும்பல் தூங்கிக்கொண்டிருக்கிறது. வரிசை எங்கே என்று கேட்டால் ஒருவர் கண்ணைத் திறக்காமலேயே தரையில் கை காட்டினார். செருப்பும் தண்ணீர்க் குடமுமாக ஒரு கோடு. ஆளுக்கு ஒரு பொருளை வைத்து இடம் பிடித்திருக்கிறார்கள். நாங்களும் என் தங்கை மகனின் ஒற்றைச் செருப்பை வைத்தோம். ஐந்தரைக்கு எழுந்து எல்லோரும் நின்றபோது செருப்புக்கணக்கும் ஆள்கணக்கும் பொருந்தவில்லை. ஒரு செருப்புக்குப் பின்னால் எட்டுப் பேர் வந்தார்கள். ஒரு பெரியவர் யாரும் கேட்காமலேயே பஞ்சாயத்து செய்து, காகிதத்தில் பெயர் எழுதி, ஆளுக்கு ஒரு எண் சொன்னார். அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டதுதான் ஆச்சரியம். எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது டிக்கெட் தீர்ந்தது. தங்கை அழாத குறை. அவள் மகன் மட்டும் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான், அது கிடைக்கவே இல்லை. பேருந்து ஏறிக் குன்னூர் பஜாரில் முதலில் செருப்புக்கடைக்குத்தான் போனோம்.

உங்கள் அம்மாவையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள். இரண்டு இளவட்டங்கள் போனால் விளையாட்டாக இருக்கும், அவ்வளவுதான். இது சீசன் கதை. ஜூலை, ஆகஸ்டில் வாரநாளில் வந்தால் வரிசையும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை.

ஏஜென்ட் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். என் நாத்தனார் வீட்டுக்காரர் ஒருமுறை தங்கியிருந்த விடுதியில் யாரோ ஒருவரிடம் மூன்று மடங்கு பணம் கொடுத்து "கன்ஃபர்ம் டிக்கெட்" வாங்கினார். வாட்ஸ்அப்பில் படம் வந்தது. காலையில் ஸ்டேஷனுக்குப் போனபோது டிக்கெட் பரிசோதகர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது வேற ஆள் பெயர்" என்றார். டிக்கெட் நிஜம்தான், இடமும் நிஜம்தான், பெயர்தான் இவருடையது இல்லை. அடையாள அட்டை கேட்பார்கள், அசல் வேண்டும். அந்த வண்டி போனதைப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தார் மனிதர். பணம் கொடுத்து யாரும் புது இருக்கை உண்டாக்க முடியாது, இன்னொருவருடைய இடத்தைத்தான் விற்கிறார்கள். உங்கள் ஆப்பில், உங்கள் பெயரில் பிஎன்ஆர் அடித்துப் பார்க்க முடியாத எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

கார் என்றதும் நினைவுக்கு வருவது இ-பாஸ், வண்டி மலை ஏற ஆன்லைனில் எடுக்கிற அனுமதி. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். கோடையில் நாளுக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வைக்கிறார்கள். 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6000, வாரக் கடைசியில் 8000 என்று இருந்தது. நீங்கள் சனிக்கிழமை ஏறுகிறீர்கள், அதனால் ரயில் டிக்கெட்டைத் தேடுவதற்கு முன் இதைப் பதிவு செய்துவிடுங்கள். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். ஒருவேளை இ-பாஸ் கிடைக்கவில்லை என்றாலும் பதறத் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறுங்கள், ஊட்டிக்கு அடிக்கடி உண்டு. அப்படிச் செய்தால் திங்கட்கிழமை யார் கார் ஓட்டுவது என்ற பிரச்சினையும் தீர்ந்தது, ஆறு பேரும் ரயிலிலேயே இறங்கிக் காரை எடுத்துக்கொண்டு போகலாம். யோசித்துப் பார்த்தால் உங்களுக்கு இதுதான் நல்ல வழி என்றுகூடத் தோன்றுகிறது. அம்மாவின் முட்டிதான் பேருந்துப் படியில் ஏற வேண்டும். காரிலேயே வருவதானால் சீசனில் பெரும்பாலும் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள். திங்கட்கிழமை நீங்கள் கோத்தகிரி சுற்றி இறங்க வேண்டியிருக்கும், ரயில் வருவதற்குள் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம், ஆனால் இரண்டு மணிக்கு வழியனுப்பிவிட்டு டீ குடிக்க உட்காராதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு யோசனை. திங்கள் டிக்கெட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குன்னூர்–ஊட்டி துண்டை ஒருமுறை போய்விடுங்கள். ஆப்பில் இடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் வண்டி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் குன்னூர் கவுண்ட்டரில் ஒருவர் நின்றால் முன்பதிவில்லாத டிக்கெட் கிடைத்துவிடும், மற்றவர்கள் பெஞ்சில் உட்காரலாம். காலையில் முதல் வண்டி என்றால் இன்னும் நல்லது. உள்ளூர்க்காரர்களோடு போவீர்கள், சுற்றுலாக் கூட்டம் அப்போது இட்லியே சாப்பிட்டிருக்காது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வரிசையாக வரும். அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, அந்த ஊரே அதைச் சுற்றித்தான். கேத்தி தாண்டும்போது பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்து, கேரட்டும் உருளைக்கிழங்கும் படிப்படியாக வைத்த தோட்டங்கள் தெரியும். லவ்டேல் நிலையம் சின்னது, அழகு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், முடிந்தது.

அந்த நாளில் நேரம் கிடைத்தால் பத்தேகால் மணிக்குக் குன்னூர் ஸ்டேஷனில் இருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பத்தரை வாக்கில் மேட்டுப்பாளையம் வண்டி உள்ளே வரும். பெட்டிகள் முதலில் வரும், கடைசியில்தான் எஞ்சின். அதைக் கழற்றுகிறதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பொடியனைத் தூக்கிக் காட்டினால் டிரைவர் சில சமயம் ஒரு விசில் கொடுப்பார். எஞ்சினுக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள் அப்பாவை, பல்சக்கரம் மினுமினுவென்று எண்ணெயில் நிற்கும். நீராவி நெற்றியில் படும். ரயிலுக்குள் உட்கார்ந்து வந்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது, இறங்கினதும் காபிக்கு ஓடிவிடுவார்கள். இதற்குப் பிளாட்பார டிக்கெட் மட்டும் போதும். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலும் இந்தப் பாதையைப் பற்றி ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு, போகிற வழியில் அப்பாவுக்குக் காட்டலாம்.

மழையைப் பற்றி உங்களுக்குப் பெரிய கவலை இல்லை, மே மாதம்தானே. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மண் சரிந்து பாதை நின்றுபோவது அடிக்கடி நடக்கும், வண்டி ரத்தானால் முழுப் பணமும் திரும்பும்.

ஆக, இன்று ராத்திரியே நீங்கள் உட்கார்ந்து செய்ய வேண்டியது: இ-பாஸ். அப்புறம் திங்கள் இரண்டு மணி வண்டிக்கு இரண்டு வகுப்பிலும் தேடுங்கள். கிடைத்ததை எடுத்துவிடுங்கள், நாலு பேருக்குக் கிடைக்காமல் இரண்டு பேருக்கு மட்டும் என்றாலும் எடுங்கள். அப்பாவும் பையனும் ஒரு ஜோடியாகப் போகட்டும், மற்றவர்கள் காரில் இறங்கட்டும். சனிக்கிழமையின் 41 ஐ விட்டுவிடலாம்.

திங்களன்று ஏறுவதற்கு முன் எல்லோரையும் ஊட்டி ஸ்டேஷனிலேயே கழிவறைக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டியில் அந்த வசதி கிடையாது, வண்டி நிற்கிற நிலையத்தில்தான். மூன்றரை மணி நேரம் அம்மாவுக்கு இது முக்கியம். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துவாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, சோதனைச்சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது வடை வாங்கலாம். ஆனால் வாங்கினதும் ஜன்னலுக்குள் கையை இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் பையனிடம். அங்கே குரங்குகளுக்கு நம்மைவிட நன்றாக டைம்டேபிள் தெரியும்.